பொருந்தாது

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
பிரதி ஒன்று இரண்டு ரூபாய்,
விண்ணப்பம் நிரப்ப அறுபது,
சில்லறை இல்லாவிட்டால் ஒரு ஹால்ஸ்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில்
பாம்பனிலிருந்து வந்தார் நம்புவேல்.
ஆட்டோ ஓட்ட பேட்ஜ் வேண்டும்.
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது:
ஆதார், ரேஷன் கார்டு, எட்டாம் வகுப்பு டி.சி.,
கண் டாக்டர் எழுதிய சீட்டு
(தூரப் பார்வை மிக நன்று),
மூன்று போட்டோ.
மூன்றிலும் வெயிலைப் பார்ப்பதுபோல்
கண்ணைச் சுருக்கியிருந்தார்.

பெயர், தகப்பன் பெயர், இரத்த வகை
விறுவிறுவென்று ஓடியது.
அங்க அடையாளங்கள்?
இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.
ரேகை எது, கயிறு அறுத்தது எது என்று
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.
'முதுகுல ஒண்ணு இருக்கு தங்கச்சி.'
இரண்டுதான் கேக்குறாங்க என்றேன்.

பதினாலாவது கட்டம்.
தங்கள் மீது ஏதேனும் வழக்கு உண்டா?
வாசித்து முடிக்குமுன் எல்லோரும்
இல்லை என்பார்கள்.
இவர் வெளியே பார்த்தார்.
எட்டுப் போடும் மைதானத்தில் ஒரு பையன்
காலை ஊன்றிவிட்டு
ஊன்றவே இல்லை என்று
சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தான்.

'இருக்கு.'

எந்த ஊர்?

'மன்னார்.'

மன்னா என்று தட்டுவதற்குள்
மன்னார்குடி என்று முடித்துக்கொடுத்தது கம்ப்யூட்டர்.
அழித்தேன்.
மறுபடி மன்னார்குடி.
'அங்க எனக்கு ஒரு வம்பும் இல்ல' என்று பதறினார்,
'ஒரு கல்யாணத்துக்குப் போனேன்,
சாப்பிட்டு அன்னைக்கே திரும்பிட்டேன்.'

என்ன கேஸ் என்று நான் கேட்கவில்லை.
இந்தக் கரையில் அதைக் கேட்க வேண்டியதில்லை.
அவராகவே சொன்னார்.
ராத்திரி ரெண்டு மணி,
வலை பாதி உள்ளே பாதி வெளியே,
எஞ்சின் ரெண்டு தரம் இருமியது,
அப்புறம் நீரோட்டம்.
அறுபத்து நாலு நாள்.
ஜட்ஜும் தமிழ்தான் பேசினாராம்,
நம்ம தமிழ் இல்லை, ஆனால் புரிந்தது:
ஆளுக்கு விடுதலை,
படகுக்கு இல்லை.

படகு இன்னும் அங்கே மழையில் கிடக்கிறது.
யாரோ எடுத்த படம் போனில் இருந்தது.
மகள் பெயர் எழுதிய பக்கம்
மண்ணில் சாய்ந்திருந்தது.

நான் கணக்குப் போட்டேன்.
ஆம் என்றால் ஸ்டேஷனுக்குப் போகும்,
ஸ்டேஷனிலிருந்து க்யூ பிராஞ்சுக்கு,
அங்கிருந்து ஒரு பேப்பர் திரும்பி வந்து
நான் பார்த்ததில்லை.
இல்லை என்றால்
மேற்கண்ட யாவும் உண்மை என்று
அடியில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.
யாரும் தொடாத மூன்றாவது ஒன்று
கீழே கிடந்தது:
பொருந்தாது.

அமுக்கினேன்.
பச்சை டிக் விழுந்தது.
வாசித்துக் காட்டினேன்.
'பொருந்தாதுன்னு எதைச் சொல்லுது,
கேசையா, என்னையா?'

அறுபது ரூபாயை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் திரும்ப வந்தார்,
காக்கிச் சட்டையில் மடிப்புக் கலையாமல்.
பெர்மிட்டை லேமினேட் பண்ண வேண்டும்.
பின்பக்கம் நிபந்தனைகள்.
மூன்று பேருக்கு மேல் ஏற்றக்கூடாது,
மீட்டர் போட வேண்டும்
(இதற்குச் சிரித்தார்),
முப்பது கிலோமீட்டர் எல்லையைத் தாண்டக்கூடாது.

அந்த வரியில் விரலை வைத்தவர்
எடுக்கவில்லை.
'எங்க முடியுது?'

உச்சிப்புளி தாண்டிக் கொஞ்ச தூரம்.

'கல்லு நட்டிருக்காங்களா?'

நட்டிருக்காங்க.
மஞ்சள் அடிச்சு, நம்பர் போட்டு.

'ராத்திரியில தெரியுமா?'

லைட் பட்டாத் தெரியும்.

'அப்பச் சரி.
கல்லு இருந்தாத் திரும்பிரலாம்.'

சூடாக வந்த அட்டையை
ஊதி ஊதி ஆற்றிப் பையில் வைத்து
மழைக்குள் இறங்கியவர்
படியிலேயே நின்றார்.

'ஏன் தங்கச்சி,
வருசா வருசம் எஃப்.சி. காட்ட
வண்டிய இங்கதான கொண்டாரணும்?
கல்லத் தாண்டி?'

அதற்கான விண்ணப்பத்தை நான்
ஏற்கனவே திறந்திருந்தேன்.